ஐம்பது குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை

ஐந்து நாள்களாகக் காய்ச்சல் தணியாத குழந்தையைப் பெற்றோர் அழைத்து வரும்போது, மருத்துவர் முதலில் கண்களைப் பார்க்கிறார். பின்னர் நாக்கை நீட்டச் சொல்கிறார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா எனத் தடவிப் பார்க்கிறார். உள்ளங்கைகளையும் பாதங்களையும் திருப்பி நோக்குகிறார். காய்ச்சலுக்கும் பாதங்களுக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் வியப்பது இயல்பு. 1967-ஆம் ஆண்டு ஜப்பானிய மொழியில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பழக்கம் இது. குழந்தைகளுக்கு வரும் இரத்தநாள அழற்சி நோய்களுள் முதன்மையான ஒன்றை உலகிற்கு அடையாளம் காட்டிய அக்கட்டுரையின் பயனை இவ்விதழில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பெயரில்லாத நோய்

டோக்கியோ நகரிலுள்ள ஜப்பானியச் செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் டொமிசாகு காவசாகி (1925–2020). 1961 ஜனவரியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடுங்காய்ச்சலுடன் அவரிடம் வந்தான். கண்கள் சிவந்திருந்தன, உதடுகள் வெடித்திருந்தன, உடலெங்கும் தடிப்புகள். அவர் அறிந்திருந்த எந்த நோயுடனும் அது பொருந்தவில்லை. சிறுவன் தேறினான், ஆயினும் நோய் இன்னதென்று தெரியாமலேயே வீடு திரும்பினான். மறு ஆண்டில் அதே அடையாளங்களுடன் இன்னொரு குழந்தை வந்தது. பின்னர் மேலும் சிலர் வந்தனர்.

இது புதிய நோய் என்பதை ஏற்க மூத்த மருத்துவர்கள் பலர் தயங்கினர். காவசாகி வாதிடுவதை விடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார். ஆறாண்டுகளில் 50 குழந்தைகளின் விவரங்கள் சேர்ந்தன. அவற்றை 44 பக்கக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். நோயின் காரணத்தை அக்கட்டுரை கூறவில்லை. கண்ணால் கண்டவற்றை மட்டும் வரிசைப்படுத்திற்று.

கட்டுரையைத் திருத்திய கணக்கெடுப்பு

இந்நோய் தானாகவே தணிந்துவிடும், பின்விளைவு எதையும் விட்டுச்செல்லாது என்றே காவசாகி அன்று கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. ஆனால், அதைத் திருத்துவதற்கும் அவருடைய கட்டுரையே வழிசெய்தது. அடையாளங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தமையால், மற்ற மருத்துவமனைகளும் அத்தகைய குழந்தைகளை இனங்கண்டு எண்ண முடிந்தது. 1970-இல் ஜப்பான் முழுவதும் கணக்கெடுப்பு தொடங்கியபோது, இந்நோய் கண்டு தேறிவந்த குழந்தைகளுள் சிலர் திடீரென இறந்திருப்பது தெரியவந்தது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகள் பலூன்போல வீங்கி, அவற்றினுள் இரத்தம் உறைந்ததே காரணம். பெயர் இல்லாதவரை இம்மரணங்கள் தனித்தனி நிகழ்வுகளாகவே இருந்தன. பெயர் கிடைத்த பின்னரே அவை ஒன்றாகக் கணக்கில் வந்தன.

1974-இல் காவசாகியின் ஆங்கிலக் கட்டுரை வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹவாயில் டாக்டர் மரியன் மெலிஷ் என்பவரும் இதே நோயைத் தாமாகவே கண்டறிந்து விவரித்திருந்தார். 1984-இல் ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் கென்செய் ஃபுருஷோவும், 1986-இல் அமெரிக்காவின் டாக்டர் ஜேன் நியூபர்கரும் தத்தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வுகள், இம்யூனோகுளோபுலின் மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தினால் தமனிகளைக் காக்கலாம் என்று காட்டின. சிகிச்சை பெறாத குழந்தைகளில் நால்வரில் ஒருவருக்குக் கரோனரித் தமனி பாதிப்பு நேர்கிறது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு ஐவர் அளவிற்குக் குறைகிறது.

2020-இல் கொரோனா தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்குப் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி தோன்றியபோது, அது காவசாகி நோயை ஒத்திருப்பதை மருத்துவர்கள் விரைவில் உணர்ந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காவசாகி காலமானார்.

பெற்றோர் அறிய வேண்டியவை

இன்றுவரை இந்நோயை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் காய்ச்சலுடன், பின்வரும் ஐந்தில் நான்கு அடையாளங்களை மருத்துவர் தேடுகிறார்:

• பூளை தள்ளாமல் இரு கண்களும் சிவத்தல்
• உதடு சிவந்து வெடித்தல், நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம்போல் தோன்றுதல்
• உடலில் தடிப்பு
• கை கால்கள் சிவந்து வீங்குதல்; பின்னர் விரல் நுனிகளில் தோல் உரிதல்
• கழுத்தில் நெறி கட்டுதல்

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளிடம் இவற்றுள் ஒன்றிரண்டே தென்படலாம். ஆனால் தமனி பாதிப்பு அவர்களுக்கே மிகுதி. எனவே எல்லா அடையாளங்களும் தோன்றட்டும் என்று காத்திருக்க வேண்டா. காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் சிகிச்சை தொடங்குவது இன்றியமையாதது.

இது ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தொற்றும் நோயன்று. உடன்பிறந்தோரைப் பிரித்துவைக்கத் தேவையில்லை. வீடு திரும்பிய பின்னரும் இதய எக்கோ பரிசோதனைக்குக் குறித்த நாளில் தவறாது வருக. ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. அது தொடரும் காலத்தில் சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை ஏறத்தாழ 11 மாதங்கள் தள்ளிப்போடுவது வழக்கம். தடுப்பூசி போடும் இடத்தில் இதை மறவாமல் கூறுக.

இவ்வடையாளங்கள் ஒரே நாளில் கூடித் தோன்றுவதில்லை. திங்களன்று கண்ட தடிப்பு புதனன்று மறைந்துவிடலாம். ஆகவே, கண்டதைத் தேதியிட்டுக் குறித்துவையுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்குமுன்னரே காட்டுங்கள். அரை நூற்றாண்டுக்கு முன் டோக்கியோவில் ஒரு மருத்துவர் செய்ததும் இதுவே. நோயைக் கண்டறிவதில் உங்கள் குறிப்புகளுக்கும் இடம் உண்டு.