பிரிண்டரில் தங்கிவிடும் ஆதார்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க, நம்மில் பலர் கம்ப்யூட்டர் சென்டரில்தான் ஆதார் நகல் எடுக்கிறோம். அங்கே பல கம்ப்யூட்டர்கள் ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொண்டால் அது நெட்வொர்க் பிரிண்டர். வீட்டுக்குக் கதவு எண் போல அதற்கு ஐ.பி. முகவரி உண்டு. அனுப்பிய பக்கங்கள் அங்கே வரிசையில் நிற்கும். அதுவே 'பிரிண்ட் கியூ'.

தாள் தீர்ந்தாலும் கியூ அழியாது. வரவில்லையே என்று மீண்டும் மீண்டும் அனுப்பினால், தாள் வைத்ததும் அத்தனை நகலும் வெளிவரும். அதற்குள் நாம் போயிருப்போம். அவை யார் கையிலும் சிக்கலாம்.

ஆகவே கிளம்புமுன் கியூவில் மீதியைக் கேன்சல் செய்து, ஃபைலையும் அழிக்கச் சொல்லுங்கள். முழு எண் கேட்காத இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். சென்டர் நடத்தும் சகோதரர்களே, பிறர் ஆவணம் உங்களிடம் அமானிதம்.