பந்தைத் துள்ளவைக்கும் பாடம்

டிராகனும் சூப்பர் ஹீரோவும் செய்யும் ஆசையோடுதான் மாணவர்கள் அனிமேஷன் வகுப்பில் சேருகிறார்கள். ஆனால், பெரும்பாலான பள்ளிகளில் முதல் வாரம் கையில் கிடைப்பது வெறும் வட்டம். அதை மேலிருந்து விழவைத்து, தரையில் மோதவிட்டு, நாலைந்து முறை துள்ளி அடங்கும்படி செய்ய வேண்டும். துள்ளும் பந்துதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனிப் படங்கள். உயரத்திலிருந்து கைவிடப்பட்ட பொருள் ஒரு நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழும். அதில் முதல் அரை நொடியில் கடப்பது சுமார் 1.2 மீட்டர்தான், மீதி 3.7 மீட்டரையும் அடுத்த அரை நொடியில் கடந்துவிடும். ஆகவே முதல் 12 பிரேம்களில் வட்டங்கள் நெருங்கி நிற்க வேண்டும். அடுத்த 12 பிரேம்களில் விலகிக்கொண்டே போக வேண்டும். சம இடைவெளியில் வைத்தால், கயிறு கட்டிக் கிணற்றில் வாளியை இறக்குவதுபோல் இருக்கும். அடுத்ததாக, அதே வட்டத்தை ஒருமுறை பிங்பாங் பந்தாகவும் ஒருமுறை இரும்புக் குண்டாகவும் காட்டச் சொல்வார் ஆசிரியர். அளவையும் நிறத்தையும் மாற்றக் கூடாது. எவ்வளவு உயரம் எழும்புகிறது, எத்தனை பிரேம் காற்றில் நிற்கிறது, எப்போது ஓய்கிறது என்பதை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு எடையை உணர்த்த வேண்டும். இதைப் பழகாத கையில் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் இருந்தாலும், அவர் செய்யும் யானை காற்றடைத்த பொம்மையாகத்தான் நடக்கும்.

இப்படிப் பயிற்சி தரும் வழக்கத்துக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1932-இல் வால்ட் டிஸ்னி தன் ஓவியர்களுக்காக ஸ்டூடியோவுக்குள்ளேயே மாலை வகுப்பு தொடங்கினார். டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியர் பாடம் எடுத்தார். மாடல்களை நிறுத்தி வரைவது மட்டுமின்றி, படச்சுருள்களை மெதுவாக ஓட்டி, மனிதனும் விலங்கும் அசையும்போது உடம்பின் எடை எங்கிருந்து எங்கே மாறுகிறது என்றும் அலசினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த ‘ஸ்னோ ஒயிட்’ அந்த வகுப்பறை இல்லாமல் சாத்தியமே இல்லை.

அந்த மரபு இந்தியாவுக்கும் வந்தது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாய் வந்து, அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அதன் பலனாக 1957-இல் ஜாதகக் கதை ஒன்று ‘தி பேன்யன் டீர்’ என்ற குறும்படமாக வெளிவந்தது. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் வேதியியல் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்த ராம் மோகன். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் எடுத்தவர் அவர்.

கணினி வந்ததும் இதெல்லாம் பழங்கதை ஆகிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. 1987-இல் பிக்ஸாரின் ஜான் லாசெட்டர், கையால் வரைந்த காலத்து அனிமேஷன் விதிகள் முப்பரிமாணக் கணினிப் படத்துக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். கணினி வரைகலை மாணவர்களுக்கு இன்றும் அது பாடம்.

கணினி விளையாட்டுகளில் கதை சற்று மாறுகிறது. படத்தில் ஒருவன் தாவுவதற்கு முன் குனிந்து, கைகளைப் பின்னே இழுத்து, பிறகுதான் எழும்புவான். முன்னசைவு எனப்படும் இது அனிமேஷனின் அடிப்படை விதிகளில் ஒன்று. விளையாட்டில் பொத்தானை அழுத்திய கணமே பாத்திரம் மேலே போக வேண்டும். குனிந்து எழ கால் நொடி எடுத்துக்கொண்டாலும் ஆடுபவருக்கு எரிச்சல் வரும். அழகான அசைவென்று யாரும் பாராட்ட மாட்டார்கள். அதனால் கேம் அனிமேட்டர் முன்னசைவை இரண்டு மூன்று பிரேம்களுக்குச் சுருக்கிவிட்டு, எடையைத் தரையிறங்கும்போது காட்டுகிறார். நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. பொத்தானைக் கவனிப்பது, மோதலைக் கணக்கிடுவது, எதிரியை நகர்த்துவது, படத்தை வரைவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

2018-இல் வந்த ‘செலஸ்ட்’ விளையாட்டில், பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வெறுங்காற்றுக்குப் போன பிறகும் சில பிரேம்கள் வரை தாவ அனுமதி உண்டு. இயற்பியல்படி இது தவறு. ஆனால், ஆடுபவருக்கு, தான் சரியான நேரத்தில்தான் அழுத்தினோம் என்ற நிறைவு கிடைக்கிறது. பந்துப் பயிற்சியில் இயற்பியலைக் கற்றவர்தான் அதை எங்கே மீறலாம் என்றும் தீர்மானிக்க முடியும்.

விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோர்டன் மெக்னர் அசைவின் பாடத்தைத் தனியாளாகவே கற்றுக்கொண்டார். தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, ஒவ்வொரு பிரேமாகப் பிரதியெடுத்து, 1989-இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டை வெளியிட்டார். ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் புதிய எதிரிக்கு இடமில்லை. நாயகனின் படங்களையே கணக்கால் உருமாற்றி, ஒரு நிழல் மனிதனைப் பிறப்பித்தார். வரைபவரும் நிரல் எழுதுபவரும் ஒரே ஆளாக இருந்ததால் வந்த யோசனை அது.

இன்றைய பெரிய விளையாட்டுகளை ஒரே ஆள் செய்ய முடியாது. ஆகவே வரைபவரையும் நிரல் எழுதுபவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் பள்ளிகள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள டிஜிபென் கல்வி நிறுவனத்தில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து விளையாட்டுகளை உருவாக்கி முடிக்க வேண்டும். அப்படி ஒரு குழு 2005-இல் செய்தது ‘நார்பாகுலர் டிராப்’. சுவரில் ஒரு வாசலைத் திறந்து வேறொரு சுவர் வழியாக வெளியேறும் விளையாட்டு. அதைப் பார்த்த வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் அந்த மாணவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-இல் அந்த யோசனை ‘போர்ட்டல்’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

நம் ஊரில் நிலைமை என்ன? வெளிநாட்டுப் படங்களுக்கான ரோட்டோஸ்கோப்பிங் (பிரேம் பிரேமாக உருவத்தின் விளிம்பை வரைந்து பிரிப்பது), பெயின்ட் (காட்சியில் வேண்டாததை அழிப்பது) போன்ற வேலைகள் ஏராளமாக இங்கே நடக்கின்றன. பல பயிற்சி மையங்கள் அந்த வேலைக்கான ஆள்களைத்தான் தயாரிக்கின்றன: ஒரு மென்பொருள், சில மாதங்கள், ஒரு சான்றிதழ். ஒரே வேலையை மட்டும் கற்றவர், அந்த வேலை வேறு நாட்டுக்கோ இயந்திரத்துக்கோ போகும் நாளில் நடுத்தெருவில் நிற்கிறார். மென்பொருள்கள் மாறிக்கொண்டேயிருக்கும். அசைவைப் பார்க்கப் பழகிய கண் எந்த மென்பொருளிலும் வேலை செய்யும்.

கருவியின் விலையும் இப்போது தடையில்லை. 2002-இல் டான் ரோசெண்டால் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி விடுவித்த பிளெண்டர், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருள். லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதில்தான் ‘ஃப்ளோ’ என்ற அனிமேஷன் படத்தை எடுத்தார். ஒரு வசனம்கூட இல்லாத அந்தப் பூனைக் கதை 2025-இல் ஆஸ்கர் வென்றது. பூனையின் நடையை, நிஜ அசைவைக் கணினியில் பதிவுசெய்யும் மோஷன் கேப்சரில் பிடிக்கவில்லை. நிஜப் பூனைகளைப் பார்த்துப் பார்த்து அனிமேட்டர்கள் உருவாக்கினார்கள். நம் கதைகளுக்கும் உலகில் இடம் இருக்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரண்டோவிலிருந்து 2023-இல் வந்த ‘வெண்பா’, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர், விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய மாணவர்களின் ஷோரீலை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்புக் காணொளியைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆளைப் பார்த்து வரைகிறார்கள், ஓவியரும் புரோகிராமரும் சேர்ந்து ஒரு விளையாட்டையாவது முடித்திருக்கிறார்களா, திருத்தம் சொல்லும் ஆசிரியர் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவரா என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அதுவரை வீட்டுக் கணினியிலேயே பிளெண்டரை இறக்கிக்கொண்டு பிள்ளைகள் பயிற்சியைத் தொடங்கலாம்.