கப்பல்துறையில் ஓர் இறுதி மரியாதை: கத்தோலிக்கப் பெண்ணின் வாழ்வும் இரங்கலுரையும்

இறந்தோரைப் போற்றுதல் இலக்கியத்தின் மிகப் பழைய பணிகளுள் ஒன்று. ஆயின் யார் போற்றப்பட்டனர், எதற்காகப் போற்றப்பட்டனர் என்னும் வினாக்களை எழுப்பும்போதே அப்பணியின் சமூக அடிப்படை புலனாகும். திருகோணமலையைச் சார்ந்த கப்பல்துறையில் மூதாட்டியொருவரின் இறுதிச் சடங்கிற் பங்குகொண்ட பின்னர் இவ்வினாக்களை நாம் மீண்டும் எண்ணிப்பார்க்க நேர்ந்தது. அவர் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. இளமை முதல் கூலியுழைப்பில் வாழ்ந்தவர். அங்கு நிகழ்ந்த உரைகளில் முதலாவது செய்தி மட்டுமே இடம்பெற்றது.

சங்கச் செய்யுள்களிற் கையறுநிலை பெரும்பாலும் மன்னர்க்கும் குறுநிலத் தலைவர்க்கும் உரியது. மனைவியை இழந்து சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடிய புறநானூற்றின் 245ஆம் பாடல் விதிவிலக்காக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. உண்மையில் அப்பாடல் பேசுவது கணவனின் துயரையே. அப்பெண் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஐரோப்பியக் கத்தோலிக்க மரபிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பிரெஞ்சுப் பேச்சுக்கலையின் சிகரங்களெனக் கொள்ளப்படும் பொசுவே ஆயரின் இரங்கலுரைகளுள் சில பெண்களைப் பற்றியவை. அவற்றுள் 1669இல் நிகழ்ந்தது இங்கிலாந்தின் அரசியாயிருந்தவருக்கு. 1670இல் நிகழ்ந்தது அவருடைய மகளுக்கு. யாழ்ப்பாணத்தில் இறந்தோர்மீது பாடி அச்சிடப்பட்ட ‘கல்வெட்டு’க்களும் குலமும் காணியும் உடையோரின் வீடுகளிலேயே செழித்தன. உழைக்கும் பெண்ணொருத்தி இறந்தபின் அவள் வாழ்வை நால்வர் கூடிப் பேசுவது வரலாற்று நோக்கிற் புதியதொரு நிகழ்வு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்துத் திருச்சபையின் விதியொன்றை விளக்குதல் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1969இல் அடக்கச் சடங்குமுறை திருத்தியமைக்கப்பட்டது. பூசை தாய்மொழிக்கு வந்தது; நடுத்தீர்ப்பின் அச்சத்தைப் பாடிய பழைய இலத்தீன் பாடல் அடக்கப் பூசையினின்று நீங்கியது; உயிர்ப்பின் நம்பிக்கை முதன்மை பெற்றது. அடக்கப் பூசையில் மறையுரை உண்டு. இறந்தவரைப் புகழும் உரை ஆகாது என்பதும் விதி. இதனை வெறுங் கண்டிப்பென நாம் கருதவில்லை. பீடத்தின் முன்னே அரசிக்கும் கூலிக்காரிக்கும் ஒரே செபம் என்பதில் ஒருவகைச் சமத்துவம் உண்டு. ஆயினும் போற்ற வேண்டுமென்னும் மக்களின் வேட்கை விதியால் அடங்குவதன்று. அது பூசைக்கு வெளியே, செத்தவீட்டு முற்றத்திலும் சேமக்காலையிலும் தனக்கென இடம் தேடிக்கொள்கிறது.

கப்பல்துறையிற் பேசியோர் நால்வரும் ஆண்கள். செபமாலை தவறாதவர், ஞாயிற்றுப் பூசை தவறாதவர், பொறுமையின் வடிவம் என்பனவே அவர்தம் உரைகளின் சாரம். இவ்வாய்பாடு வானத்தினின்று வந்ததன்று. தமிழ்க் கத்தோலிக்க இலக்கியமும் நாட்டுக்கூத்தும் பன்னெடுங்காலம் வார்த்தெடுத்த இலட்சியப் பெண்ணுருவம் அது. கைகள் வெட்டுண்டும் முறையிடாத ஞானசவுந்தரி அதற்குத் தக்க சான்று. ஆனால் வீரமாமுனிவர் அம்மானையாகப் பாடிய கித்தேரியம்மாள், தந்தையின் ஆணைக்கு இணங்க மறுத்து உயிர்நீத்த கன்னி. மரபில் மறுப்பும் இருந்தது. உரைகள் பொறுமையை மாத்திரம் தெரிந்தெடுத்தன.

சமயப் பற்றைப் போலிப் பிரக்ஞை என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. சமயத்தை அபினியென்ற மார்க்ஸ், அதே இடத்தில் அதனைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்துக்கெதிரான மறுப்பாகவும் கண்டார் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்த காலத்திலே, 1687இல் யோசவ்வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்துசேரும்வரை, இலங்கையில் அச்சமயத்தைக் காத்தவை விசுவாசிகளின் வீடுகளே. மாலைச் செபத்தைத் தாயொருத்தி தொடங்கிவைக்கும் வழக்கத்தை அவ்வரலாற்றோடு சேர்த்தே நோக்குதல் பொருந்தும்.

திருகோணமலையின் வரலாறு கடற்படைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானியர் குண்டுவீசியதும், 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்ததும் நூல்களில் உள்ளன. தளம் கைமாறியபோது அதனை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதோ, 1983, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலும் 2004இன் கடற்கோளிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள் மீண்டுவந்து எதைக்கொண்டு வாழ்வைத் தொடங்கினர் என்பதோ அவ்வளவாக எழுதப்படவில்லை. எமது மூதாட்டி அத்தகையோருள் ஒருவர்.

அவரது உழைப்பைப் பேசியது ஒப்பாரியே. மகள்மாரும் அயற்பெண்களும் பெட்டியைச் சூழ்ந்திருந்து அழுத அழுகையில், கல்லுடைத்த வெயில் வந்தது. கடனுக்கு அரிசி கேட்ட கடை வந்தது. பட்டினி கிடந்து ஊட்டிய இரவுகள் வந்தன. சுவாமியார் படலையடிக்கு வந்ததும் ஒப்பாரி நின்று செபம் தொடங்கிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அது பழக்கம். இத்தனைக்கும் ஒப்பாரியின் சுவை திருச்சபைக்கு அந்நியமானதன்று. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலந்தோறும் இராகத்துடன் வாசிக்கப்பட்டு வந்தது. மகனை இழந்த மரியாளின் புலம்பலுக்குக் கோவிலுக்குள் இடமுண்டு. தாயை இழந்த மகளின் புலம்பல் முற்றத்தோடு நின்றுவிடுகிறது.

பெட்டியை மூடுமுன் விரல்களிற் செபமாலையைச் சுற்றினார்கள். “இந்தக் கையாலதான் நாங்களெல்லாம் சோறு திண்டனாங்கள்” என்று அயல்வீட்டுப் பெண்ணொருவர் மெதுவாகச் சொன்னார். ஒலிவாங்கி அப்போது வேறிடத்தில் இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பொன்றை எழுதித் தருமாறு குடும்பத்தினர் எம்மைக் கேட்டனர். குசினிப் பக்கத்திற் பெண்கள் கூறியவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். கல்லுடைத்த செய்தி அச்சில் வந்தால் தாய்க்கு இழிவாகும் என மூத்த மகன் கருதினார். அவ்வரியை வெட்டிவிடும்படி வேண்டினார். “அம்மா அதை ஒருநாளும் மறைக்கேல்லையே அண்ணை” என்றார் இளைய மகள். மலரின் படியை அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் வரையில் அவர்களிடையே இப்பேச்சு முடியவில்லை.