ரத்தம் எவ்வளவு போச்சு? பிரசவ அறையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு சொல்லும் பதில்

குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. பிரசவம்னா ரத்தம் போகத்தானே செய்யும்? உண்மைதான். ஆனால் அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து. துணியில் ஊறி, பனிக்குட நீரோடு கலந்து கிடக்கும் ரத்தம் எத்தனை மில்லி என்று நர்ஸ் எப்படிச் சொல்வார்? குத்துமதிப்புதான். அதுவும் பெரும்பாலும் குறைவாகவே கணிக்கப்படுகிறது.

இந்த ரத்தப்போக்கால் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இறக்கிறார்கள் என்று 2023-ல் சொன்னது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் ஏழை நாடுகளில்.

மருந்து இல்லையா? இருக்கு. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் பல பத்தாண்டுப் பழசு. டிரனெக்ஸாமிக் அமிலத்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 2017-லேயே 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டிவிட்டது. மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம் பிரசவக் கட்டில்வரை வந்து சேரவில்லை, அதுதான் சிக்கல்.

என்ன மாற்றினார்கள்?

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் சுமார் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களில் நடந்தது 'இ-மோட்டிவ்' ஆய்வு. பிரசவமானதும் தாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் பையில் ரத்தம் சேரும், அளவுக் கோடுகள் கணக்குச் சொல்லும். (இத்தகைய விரிப்பை 2000-களிலேயே நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.)

கோட்டைத் தொட்டதும் மசாஜ், ஊசி, டிரனெக்ஸாமிக் அமிலம், ட்ரிப், பரிசோதனை எல்லாம் கையோடு. முன்பு ஒன்று பலிக்கவில்லை என்றால்தான் அடுத்தது. அந்தக் காத்திருப்பில்தான் நேரம் போனது. மருந்துகளை ஒரே இடத்தில் தயாராக வைத்தார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எத்தனை பேருக்கு முழு சிகிச்சை போனது என்ற கணக்கையும் அவர்களிடமே காட்டினார்கள்.

வழக்கமான முறை தொடர்ந்த மருத்துவமனைகளிலும் விரிப்பு இருந்தது, கோடுகள்தான் இல்லை. அங்கே ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது 51%. இங்கே 93%. எல்லாச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தது அங்கே 19%, இங்கே 91%. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3%-லிருந்து 1.6% ஆனது. மரணங்களை மட்டும் தனியாகப் பார்த்தால், வித்தியாசத்தை அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 மே மாதம் முடிவுகள் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்துவிட்டது. இந்த வேகம் அபூர்வம்.

அப்புறம் என்ன தடை?

ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரன்ட் போனால் ஃப்ரிட்ஜ் சூடாகும், மருந்தின் வீரியம் குறையும், வெளியே பார்த்தால் தெரியாது. சூடு தாங்கும் கார்பெட்டோசின் வந்திருக்கிறது. ஆனால் அது ரத்தப்போக்கைத் தடுக்க, வந்தபின் நிறுத்த அல்ல. விரிப்பையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். ஆய்வு நடக்கும்வரை அது தானாக வந்து சேர்ந்தது. இனி ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்று என்று அரசின் கொள்முதல் பட்டியலில் யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும்.