கலைந்துபோன ஃபுல் பெஞ்ச்

காஞ்சிபுரத்தில் தொடங்கி, சித்தூர்க்காரர் ஒருவரின் கைக்கு மாறி, ஊர் ஊராகத் திருவிழாக் கூட்டங்களைக் கட்டிப்போட்ட கச்சேரி அது. இன்று அது பெரும்பாலும் நினைவில்தான் நடக்கிறது.

நடுவில் பாடகர். ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். அத்தோடு மேடை முடியவில்லை. கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக் என்று வரிசை நீள்கிறது. கடைசியில் கையில் எதுவும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வாய்தான் வாத்தியம். தாளச் சொற்களை மழையாகப் பொழியப்போகும் கொன்னக்கோல் வித்வான் அவர். பாடகரையும் சேர்த்தால் எட்டுப் பேர். உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் ஒன்றாக அமர்ந்து வழக்கு கேட்பதைப் போல இருந்ததால், சங்கீத ரசிகர்கள் இதற்கு 'ஃபுல் பெஞ்ச் கச்சேரி' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் கேலி கொஞ்சம், மரியாதை நிறைய.

இந்த பெஞ்சின் தலைமை நீதிபதி காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889-1934). இளமையில் உடற்பயிற்சியிலும் பட்டம் விடுவதிலும் காட்டிய ஆர்வத்தைப் பிற்பாடு தாளத்தின் பக்கம் திருப்பியவர். திருப்புகழின் சிக்கலான சந்தங்களைத் தாளம் பிசகாமல் பாடுவதிலும், பல்லவியைக் காலம் மாற்றி மாற்றிப் பின்னுவதிலும் அவருக்கு நிகர் அவரே என்று பெயர். கூட வாசித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, மிருதங்கத்துக்குக் கும்பகோணம் அழகநம்பிப் பிள்ளை, கொன்னக்கோலுக்குப் பக்கிரியா பிள்ளை. பாடகர் கணக்கு ஒன்றை வீசுவார். எதிரே இருப்பவர்கள் அதைப் பிடித்து, திருப்பி இன்னொன்றை வீசுவார்கள். யார் சறுக்குவார் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

அந்தக் கூட்டத்தைச் சும்மா கேட்டுவிட்டுப் போனவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தனி ஆவர்த்தனம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். மிருதங்கம் முதலில் தன் சுற்றை வாசிக்கும். அடுத்து கஞ்சிரா, பிறகு கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல். ஒரு சுற்று முடிந்ததும் ஆளுக்குக் கிடைக்கும் இடம் குறையத் தொடங்கும். எட்டு ஆவர்த்தனம் நாலாகும்; நாலு இரண்டாகும்; இரண்டு ஒன்றாகும்; பிறகு அரை, கால். பதிலுக்குப் பதில் சூடு ஏறும். கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்து மோரா வாசித்து, ஒரு கோர்வையை மூன்று தரம் அடுக்கி, பாடகர் விட்ட அதே எடுப்பில் வந்து விழுவார்கள். அந்த நொடிக்காகத்தான் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். எடுப்பு சரியாக வந்து விழுந்தால் அது அவர்களுக்கும் வெற்றி.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பேசப்படும் நாயனா பிள்ளையின் குரல் இன்று எங்கும் இல்லை. அவர் இசைத்தட்டுக்குப் பாட மறுத்தவர். 1934-ல் அவர் மறைந்தபோது குரலும் உடன் போய்விட்டது. காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜர் உற்சவமும், அரிதாகிப்போன கீர்த்தனைகளை மேடைக்குக் கொண்டுவந்ததும், எதிராளியை மடக்கிய பல்லவிகளும் கேட்டவர் சொல்ல, சொல்லக் கேட்டவர் சொல்ல என்று வந்து சேர்ந்த செய்திகள்தான். சின்ன வயதில் அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாள், பிற்காலத்தில் ஆண்களின் சொத்தாகக் கருதப்பட்ட பல்லவியை மேடையில் பாடிக் காட்டினார். தனம்மாள் வீட்டுப் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டார்கள். ஆனால் ஃபுல் பெஞ்சின் வாரிசு யார் என்று கேட்டால், விரல் காஞ்சியைத் தாண்டி வேலூர் வழியாகச் சித்தூரைக் காட்டும்.

சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே கூடத்தில் பேசப்படும் பகுதி. ஊர்ப் பெயரைத் தன் பெயராகவே சுமந்த இரண்டு கலைஞர்கள் இதற்கு உண்டு. ஒருவர், இங்கே ராம விலாச சபாவின் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கி, பிறகு 'தியாகய்யா' (1946) படத்தில் தியாகராஜராகவே வாழ்ந்த சித்தூர் வி.நாகையா. இன்னொருவர், 1898-ல் புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை.

காஞ்சிக்குப் போய் நாயனா பிள்ளையிடம் சேர்ந்தார் சுப்பிரமணிய பிள்ளை. குருவின் இயற்பெயரும் சுப்பிரமணிய பிள்ளைதான் என்பது ஒரு பொருத்தம். குருவின் தாளக் கட்டு, கீர்த்தனைப் பாடம், அஞ்சாத பல்லவி எல்லாம் சீடரிடம் வந்து சேர்ந்தன. ஒரு விஷயத்தில் மட்டும் சீடர் வேறு வழியில் போனார். அவர் இசைத்தட்டுக்குப் பாடினார். ஆனந்தபைரவியில் அவர் பாடிய 'மதுரா நகரிலோ' இசைத்தட்டு தெலுங்கு தெரியாதவர்கள் வீட்டிலும் சுழன்றது. ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை நிமிடம். நாலைந்து மணி நேரம் ஓடும் கச்சேரிக்காரருக்கு மூன்றரை நிமிடம் என்பது தேர்த் திருவிழாவைத் தீப்பெட்டிக்குள் அடைப்பது மாதிரி. பாட்டு தட்டில் ஏறியது. பெஞ்ச் ஏறவில்லை.

1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. அடுத்த ஆண்டே, 1954-ல், சென்னை மியூசிக் அகாடமி சித்தூராருக்கு 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுத்தது. 1960-ல் எல்லைத் திருத்தம் நடந்து திருத்தணி தமிழகத்துக்கு வந்தது; ஊர்கள் கைமாறின. பாட்டு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பக்கமும் நின்றது. புங்கனூரில் பிறந்து, காஞ்சியில் படித்து, சென்னையில் பட்டம் பெற்ற அவர், திருமலை தேவஸ்தானம் திருப்பதியில் நடத்தும் வேங்கடேஸ்வரா இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். காஞ்சியில் திண்ணையில் கற்றதைத் திருப்பதியில் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் காலம் வந்திருந்தது. பல்லவியைப் பாடத்திட்டத்தில் வைக்க முடிந்தது. தொடையில் தாளம் போடும் ஆயிரம் பேரை எந்தப் பாடத்திட்டத்தில் வைப்பது?

அந்தக் கூட்டத்தை மறுபடி கூட்டியவர் சித்தூராரின் சீடர், சுவாமிமலையில் பிறந்த மதுரை சோமு (1919-1989). பத்தாண்டுகளுக்கும் மேலாக குருகுலம் இருந்தவர். கோயில் திருவிழாவில் சோமு கச்சேரி என்றால் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பக்கத்தில் வாத்தியக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். பாட்டு நள்ளிரவைத் தாண்டும். முருகன் பெயர் வந்தால் அவர் உருகுவார், அழுவார், வியர்வை சொட்டச் சொட்டப் பாடுவார். நிரவலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வேலி எதுவும் இருக்காது. 1972-ல் வந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன் மீது அவர் பாடிய பாட்டு, கர்நாடக சங்கீதம் என்றால் ஒதுங்கிப் போகிறவர்களையும் பிடித்து நிறுத்தியது. 1976-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. குருவுக்குக் கிடைத்த சங்கீத கலாநிதி சீடருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மனக்குறை அவருடைய ரசிகர்களுக்கு இன்றும் தீரவில்லை.

சோமுவின் குரல் தொலையவில்லை. ஒலிநாடாவில் மணிக்கணக்கில் பதிவானது. இப்போது யூடியூபில் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். நாயனா பிள்ளைக்குப் பதிவு ஒரு நொடிகூட இல்லை. சித்தூராருக்குத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம். சோமுவுக்குப் பல மணி நேரம். இருந்தும் மூவரைப் பற்றியும் பழைய ரசிகர்கள் பேசும் ஏக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. பதிவு கையில் இருந்தும் ஏங்குகிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது குரலை மட்டும் அல்ல என்றுதானே அர்த்தம்?

இந்த ஏக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை. இங்கிலாந்தில் 1980-களின் கடைசியில் ராக் இசையையும் நடனக் கூடங்களின் தாளத்தையும் கலந்த ஒரு அலை மான்செஸ்டர் நகரிலிருந்து கிளம்பியது. அதன் முன்னணிக் குழுக்களில் ஒன்றான 'ஸ்டோன் ரோஸஸ்' 1990 மே 27-ம் தேதி மெர்சி ஆற்றோரத்தில் ஸ்பைக் ஐலண்ட் என்ற இடத்தில் கச்சேரி நடத்தியது. சுமார் 27,000 பேர் கூடினார்கள். ஒலியைக் காற்று அடித்துக்கொண்டு போனது, சரியாகவே கேட்கவில்லை என்று அன்று வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அதே கச்சேரி இன்று ஒரு தலைமுறையின் பொன்னாளாகப் பேசப்படுகிறது. 2012-ல் அதை வைத்து ஒரு திரைப்படமே வந்தது. 1996-ல் கலைந்த அந்தக் குழு 2012-ல் மறுபடி கூடி மான்செஸ்டரில் மூன்று நாள் பாடியபோது, தலை நரைத்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சரியாகக் கேட்காத கச்சேரிக்காக யாராவது ஏங்குவார்களா? ஏங்குகிறார்கள். அங்கே தாமும் இருந்தோம் என்பதுதான் அந்த ஏக்கத்தின் சாரம்.

ஆனால் ஃபுல் பெஞ்ச் விவகாரத்தில் இழப்பு ரசிகர்களுக்கு மட்டும் அல்ல. இன்றைய சபாக் கச்சேரி இரண்டு, இரண்டரை மணி நேரம். பாடகருக்கு வயலின், மிருதங்கம், கூட ஒரே ஒரு உபபக்கவாத்தியம் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு இடத்துக்குக் கஞ்சிராவும் கடமும் மோர்சிங்கும் போட்டி போட வேண்டும். டோலக் கர்நாடக மேடையை விட்டு ஏறக்குறைய இறங்கிவிட்டது. கொன்னக்கோலுக்கென்றே ஒருவரை மேடையில் உட்கார வைப்பது அபூர்வம். எட்டுப் பேர் உட்கார்ந்த இடத்தில் நாலு பேர் என்றால், மற்ற நாலு கலைகளுக்கு மேடையும் வருமானமும் எங்கிருந்து வரும்?

இதில் ஒரு முரண் உண்டு. உள்ளூர் மேடையில் இடம் சுருங்கிய இதே தாள மரபு, உலக மேடையில் கொடிகட்டிப் பறந்தது. பிரிட்டிஷ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் தொடங்கிய 'சக்தி' குழுவில் விக்கு விநாயகராமின் கடம் ஒலித்தது. பின்னாளில் அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா சேர்ந்தது. 2024-ல் அந்தக் குழுவின் ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. கொன்னக்கோலை வெளிநாட்டு டிரம்ஸ் கலைஞர்கள் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். ஐந்து மணி நேரம் உட்காரக் கேட்பவர்களுக்குப் பொறுமை இல்லை, எட்டுப் பேருக்குச் சன்மானம் கொடுக்கப் பணம் இல்லை என்ற சபாக்களின் நியாயத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் தாளத்துக்கு மவுசு போய்விட்டது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

தொலைந்ததை மீட்க முடியுமா? பதில் திருப்பதியிலேயே இருக்கிறது. அன்னமய்யாவின் பாடல்கள் திருமலையில் செப்பேடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது அவற்றில் சாகித்யம் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது. பாடும் மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் உட்கார்ந்து மெட்டமைத்தார்கள். அன்னமய்யா பாடியது இப்படித்தான் இருந்தது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பாட்டு மறுபடி பாட்டானது. இன்று தமிழ் வீடுகளில்கூடக் காலையில் அது ஒலிக்கிறது.

ஃபுல் பெஞ்சின் நிலைமை இதைவிட எவ்வளவோ மேல். செப்பேடு இல்லை, இசைத்தட்டு இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய வித்தை அறுந்துபோகவில்லை. கஞ்சிரா வாசிக்க ஆள் இருக்கிறார். கொன்னக்கோல் சொல்ல ஆள் இருக்கிறார். குறைப்பும் கோர்வையும் கல்லூரியில் சொல்லித்தரப்படுகின்றன. குறைவது ஒரு மேடையும் ஒரு முழு இரவும்தான். எப்போதாவது ஒரு சபா விசேஷமாக இப்படி ஒரு கச்சேரி வைக்கும்போது அது புதுமை என்று விளம்பரம் ஆகிறது. சித்தூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாவிலோ, திருப்பதியில் தேவஸ்தானத்தின் மகதி அரங்கிலோ வருஷத்துக்கு ஒரு நாள் எட்டுப் பேரை உட்கார வைத்து, முடிகிற நேரத்தை அழைப்பிதழில் அச்சடிக்காமல் விட்டுப் பார்க்கலாம். கூட்டம் மறந்துவிட்டதா, எடுப்பு வந்து விழும் இடத்தில் இன்னும் தொடையைத் தட்டுகிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.