ஒத்திகை பார்க்காமல் ஒன்பது பேர்

லண்டனில் ஒரு ஃபோக் கிளப். 'இன்று ஐரிஷ் மரபிசை' என்று பலகையில் எழுதியிருக்கிறது. முதல்முறை போகிறவர் உள்ளே நுழைந்ததும் மேடையைத் தேடுவார். மேடை கிடையாது. கிளப் என்பதே பெரும்பாலும் ஒரு பப்பின் மாடியறை அல்லது பின்னறைதான். 1950களின் கடைசியில் தொடங்கி பிரிட்டன் முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. முற்பாதியில் கூட்டத்திலிருந்தே சிலர் எழுந்து ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டுப் பாடிவிட்டு உட்காருவார்கள். இடைவேளையில் குலுக்கல் சீட்டு விற்பார்கள். பிற்பாதியில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நாம் பார்க்கப்போவது அந்த வட்டத்தைத்தான்.

வட்டத்தில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபிடில் (வயலினேதான், பெயர்தான் வேறு), ஒரு மரப் புல்லாங்குழல், ஒரு தகர விசில், ஒரு கன்சர்டினா, ஒரு பொத்தான் அக்கார்டியன். வலது முழங்கையால் சிறு துருத்தியை அமுக்கிக் காற்றடிக்கும் இல்லன் பைப் ஒன்று. பக்கத்தில் ஒரு கிட்டார். பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அறிவிப்பு எதுவும் வராது. பேச்சுக்கு நடுவே ஒருவர் வில்லை இழுப்பார். இரண்டு விநாடியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ஐந்து நிமிடம் ஓடும். நடுவில் மெட்டு இரண்டு முறை மாறும். மாறுகிற இடத்தில் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி, கடைசியில் ஒரே சுரத்தில் நிற்பார்கள். எதிரே ஒரு தாள்கூட இருக்காது. அவர்களில் இருவர் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்.

பார்க்கிற யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இவர்கள் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார்கள். ஐரோப்பியப் பயணிகள் இதை 'ஜாம்' என்று சொல்லிவிடுவார்கள். ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் கேட்டு வளர்ந்த நாம் இன்னும் சுலபமாக 'மனோதர்மம்' என்று முடிவுகட்டிவிடுவோம். இந்த இசையைப் பற்றி எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் இதுதான். உண்மை இதற்கு நேர் எதிர். வட்டத்தில் எவரும் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. பாடமான ஒன்றைச் சேர்ந்து ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். எப்படி என்று மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம்.

இந்த இசையின் அடிப்படைச் சரக்கு 'ட்யூன்'. அது மிகச் சிறியது. எட்டு பார் நீளத்துக்கு ஒரு பகுதி. அதை இருமுறை வாசிப்பார்கள். பிறகு வேறொரு எட்டு பார், அதுவும் இருமுறை. ஆக 32 பாரில் ஒரு சுற்று முடிந்தது. பார் என்பதை ஒரு குட்டி ஆவர்த்தனம் என்று எடுத்துக்கொள்ளலாம். 'ரீல்' வகை ட்யூனில் பாருக்கு எட்டு சுரம். கணக்குப் போட்டால் பகுதிக்கு 64, இரண்டு பகுதிக்கும் சேர்த்து 128 சுரம். வழக்கமான வேகத்தில் ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடம்கூடப் பிடிக்காது. நம் பிள்ளைகள் பாடமாக்கும் ஒரு வர்ணத்தைவிடச் சிறிய உருப்படி. ஆனால் ஒன்றிரண்டு தெரிந்தால் வட்டத்தில் உட்கார முடியாது. நூற்றுக்கணக்கில் தெரிய வேண்டும். பழுத்த ஆட்களுக்கு ஆயிரத்துக்கு மேல் தெரியும்.

வகை பிரிப்பதற்கு நமக்குக் கொன்னக்கோல் போதும். 'தகிட தகிட' என்று ஓடினால் ஜிக். 'தகதிமி தகதிமி' என்றால் ரீல். மூன்று தகிட சேர்ந்து ஒரு பாராக வந்தால் ஸ்லிப் ஜிக். கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் துள்ளலான போல்கா ஒன்றாவது விழும். எல்லாமே ஆட்டத்துக்குப் பிறந்தவை. ஆடுகிறவர்களின் அடிக்கணக்கு எட்டு எட்டாகத்தான் போகும். ட்யூனின் எட்டு பார் கணக்கும் அதோடு பொருந்தியது.

இந்த ட்யூன்களில் ஒன்று நம்மில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் அமைத்தவை நோட்டுஸ்வரங்கள். குழந்தைகள் வயலின் வகுப்பில் வாசிக்கும் 'வந்தே மீனாக்ஷி' அவற்றில் ஒன்று. அதன் மெட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ட்யூன். மாலோ, கார்க் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அதை ஒருமுறை மனதுக்குள் பாடிப் பாருங்கள். முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று நாம் மேலே பார்த்த கட்டமைப்பு தானாகப் புலப்படும்.

சரி, ஒரு ட்யூனிலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாவுகிறார்கள்? ஒரு ட்யூனை இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த ட்யூனுக்குள் போவது வழக்கம். இப்படி இரண்டு மூன்று ட்யூனைக் கோத்தால் அதற்கு 'செட்' என்று பெயர். ஆரம்பித்தவர்தான் வழிகாட்டி. கடைசிச் சுற்று முடியும் தறுவாயில் தலையைத் தூக்கிப் பார்ப்பார், புருவத்தை உயர்த்துவார், அல்லது 'ஹப்!' என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்தது என்ன என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அவர் வாசிக்கும் முதல் நாலைந்து சுரத்தைக் கேட்டே மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். சில நேரம் அடுத்த ட்யூன் வட்டத்தில் சிலருக்குத் தெரியாததாக இருக்கும். அப்போது என்ன செய்கிறார்கள்? ஃபிடிலைத் தோளிலிருந்து மடிக்கு இறக்கிவிட்டு, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறையிலேயே தேர்ந்த கை என்று நாம் நினைத்த ஆளும் அப்படியே இறக்கிவிடுவார். மனோதர்மமாக இருந்தால் அவருக்கு அதற்கு அவசியமே இல்லையே! சுருதி தெரியும், தாளம் தெரியும், விரலில் வித்தை இருக்கிறது. பொருத்தமாக எதையாவது வாசித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாசிக்கமாட்டார். ட்யூன் தெரியாதவர் ட்யூனில் கைவைப்பது இங்கே மரியாதைக் குறைவு. மடியில் கிடக்கிற அந்த ஃபிடிலைப் பார்த்தால் ஜாம் என்ற எண்ணம் கலைந்துவிடும்.

அப்படியானால் சொந்தச் சரக்குக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மிகச் சின்ன இடத்தில். நீண்ட சுரம் ஒன்று வந்தால் அதை வெறுமனே நீட்டமாட்டார்கள். மேல் சுரத்தில் ஒரு தட்டு, கீழ் சுரத்தில் ஒரு தட்டு, மறுபடி அதே சுரம். இதற்கு 'ரோல்' என்று பெயர். விரல் பட்டு எடுக்கும் நேரம் அவ்வளவு குறைவு. தட்டிய சுரங்கள் தனியாகக் காதில் விழாது, நடுச் சுரம் வெட்டுப்பட்டு மீள்வதாகத்தான் கேட்கும். கமகத்தில் உள்ள அசைவு இதில் இல்லை. இல்லன் பைப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. அதன் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் கீழே தட்டுவதற்குச் சுரமே கிடையாது. ஆகவே அந்த ஒரு சுரத்துக்கென்று மேல் விரல்களால் மட்டும் தட்டுகிற 'க்ரான்' என்றொரு அலங்காரத்தைப் பைப்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

ரோல் எங்கே வைப்பது, வில்லை எங்கே திருப்புவது, மூன்றாம் சுற்றில் எந்த இரண்டு சுரத்தை மாற்றுவது, இவ்வளவுதான் சொந்தச் சரக்கு. அதே புளி, அதே பருப்பு, அதே மிளகு என்றாலும் இது அம்மா வைத்த ரசமா, அத்தை வைத்த ரசமா என்று முதல் வாயிலேயே சொல்லிவிடுகிறோம் அல்லவா, அந்தக் கைப்பக்குவம்தான் இது. பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் பெரிது. மூன்று ஃபிடிலும் ஒரே ட்யூனை வாசிக்கும்போது ஒன்று ரோல் வைத்த இடத்தில் இன்னொன்று நேராகப் போகும்; அந்த உரசலில்தான் ஒலிக்கு ஒரு கனம் சேர்கிறது. எல்லோரும் அச்சு அசலாக ஒன்றாக வாசித்தால் பேண்டு வாத்தியம் ஆகிவிடும்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஸ்லைகோ மாவட்டத்துக்காரருக்கும் கெர்ரிக்காரருக்கும், அவர்களோடு உட்கார்ந்திருக்கும் லண்டன் பெண்ணுக்கும் ஒரே ட்யூன் எப்படித் தெரியும்? காதுவழிப் பாடம் முதல் காரணம். ஆனால் இன்றைய பொதுக் களஞ்சியத்தைக் கட்டியதில் அமெரிக்காவில் குடியேறிய இரண்டு ஐரிஷ்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒருவர் ஃபிரான்சிஸ் ஓநீல், 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவர். ஊரை விட்டு வந்த இசைஞர்களைத் தேடித் தேடி ட்யூன்களைச் சேர்த்தார். இசைக்குறிப்பு எழுதுவதில் அவருக்குப் பழக்கம் போதாது. அவர் வாசித்துக்காட்ட, காவல்துறையிலேயே இருந்த ஜேம்ஸ் ஓநீல் எழுதினார். இருவரும் உறவினர் அல்ல. 1903இல் வந்த தொகுப்பில் 1,850 உருப்படிகள், 1907இல் வந்த நடன இசைத் தொகுப்பில் 1,001. இரண்டாவது தொகுப்பை இசைஞர்கள் இன்றும் 'புத்தகம்' என்றே சொல்வார்கள். எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்பதில்லை.

மற்றவர் மைக்கேல் கோல்மன். ஸ்லைகோவில் பிறந்து நியூயார்க் போன ஃபிடில்காரர். 1920களிலும் 30களிலும் அவர் வாசித்த 78 சுழற்சி இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பிவந்தன. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும்; அதற்குள் அடங்கும்படி இரண்டு மூன்று ட்யூனை அவர் கோத்த வரிசையே பல வட்டங்களில் இன்றைக்கும் வரிசை. நன்மையோடு ஒரு நஷ்டமும் வந்தது. கிராமபோனைக் கேட்டு எல்லோரும் ஸ்லைகோ பாணிக்குத் தாவியதில் மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்த பாணிகள் சில தேய்ந்துபோயின. நல்ல கலைஞர் என்பதாலேயே நேர்ந்த சேதம் அது.

பப்பில் கூடி வாசிப்பது ஆதிகாலத்து வழக்கம் என்ற எண்ணமும் சரியல்ல. பழைய நாளில் இந்த இசை ஒலித்தது வீட்டுக் கூடத்திலும் நாற்சந்தியிலும், ஆடுகிறவர்களுக்காக. 1935இல் அயர்லாந்தில் பொது நடனத்துக்கு உரிமம் கட்டாயமானது. பல இடங்களில் அந்தச் சட்டத்தைக் காட்டி வீட்டு ஆட்டத்தையும் நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டட வேலைக்கு லண்டன் போனவர்களுக்கு வாடகை அறையில் ஃபிடில் வாசிக்க இடமில்லை. கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பப்புகளில் கூடினார்கள். ஆடுவதற்கு ஆளில்லை, ட்யூன் மட்டும் மிஞ்சியது. ஹாலோவே சாலையை ஒட்டிய 'தி ஃபேவரிட்' பப்பில் ஞாயிறுதோறும் நடந்த வாசிப்பை அங்கேயே ஒலிப்பதிவு செய்து 1968இல் 'பேடி இன் தி ஸ்மோக்' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். கிளேர் மாவட்டத்து பாபி கேசி, கெர்ரியின் ஜூலியா கிளிஃபர்ட், கால்வேயின் லூசி ஃபார் என்று சொந்த ஊரில் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாத ஃபிடில்காரர்கள் அதில் இருக்கிறார்கள்.

பௌரான் என்ற ஆட்டுத்தோல் மேளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை 1960களில் சபைக்குக் கொண்டுவந்தவர் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியடா. அதற்குமுன் பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று வீடு வீடாகப் போகும் கூட்டத்தின் கையில் இருந்தது. வாசிக்கச் சுலபம் என்று தோன்றுவதால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் தூக்கிவருவார்கள். ட்யூன் தெரியாமல் அடித்தால் வட்டமே தடுமாறும். அதை வாசிக்கச் சிறந்த கருவி பேனாக்கத்தி என்று பைப் மேதை ஷேமஸ் எனிஸ் சொன்னதாக ஒரு கிண்டல் இன்றும் உலவுகிறது.

நடுவில் யாரையாவது பாடச் சொல்வார்கள். அப்போது மட்டும் அறை அடங்கிவிடும். ட்யூனுக்குப் பேசலாம், பாட்டுக்குப் பேசக் கூடாது. 'ஷான்-நோஸ்' என்ற பழைய ஐரிஷ் பாட்டுப் பாணிக்காரர் என்றால் பக்கவாத்தியம், தாளக்கட்டு எதுவும் இருக்காது. கண்ணை மூடிப் பாடுவார். பக்கத்தில் இருப்பவர் சில நேரம் அவர் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். கடைசி வரியைச் சிலர் பாடாமல், சாதாரணமாகப் பேசி முடித்துவிடுவார்கள். பாட்டு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நீங்கள் போனால் முதல் மாலையில் ட்யூன் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வாசிக்கிறவர்களுக்கே பாதிப் பெயர் தெரியாது. தகிடவா, தகதிமியா என்று மட்டும் பிரித்துப் பாருங்கள். வயலின் தெரிந்தவரானால் தந்தியை மேற்கத்திய முறையில் கட்டிக்கொண்டு, வட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். உங்கள் முறை வரும்போது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'வை ஆரம்பியுங்கள். கற்றுக்குட்டி ட்யூன் என்று ஓரிருவர் சிரிக்கலாம். ஆனால் அது தெரியாதவர் அநேகமாக அங்கே இருக்கமாட்டார்.