உங்களுக்குத் தெரியுமா? பல்லி தந்த ஊசி, தயிர் தந்த கத்தரிக்கோல்

● அண்டார்ட்டிகாவில் வாழும் சின்ஸ்ட்ராப் பெங்குவின், அடைகாக்கும் நாட்களில் ஒரே மூச்சில் தூங்கும் நேரம் சராசரியாக 4 விநாடி. இப்படி ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல் கண்ணயர்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரத்தைத் தாண்டுகிறது! கிங் ஜார்ஜ் தீவில் பெங்குவின்களின் மூளை அலைகளைப் பதிவு செய்த ஆய்வாளர்கள் 2023-ல் இதை வெளியிட்டார்கள். முட்டையைத் தூக்கிப்போக ஸ்குவா பறவை ஒரு பக்கம், இடித்துத் தள்ளும் அண்டை வீட்டுப் பெங்குவின் இன்னொரு பக்கம். காலை நீட்டிப் படுக்க ஏது வழி? ஆனாலும் குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்து விடுகின்றன. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இது ஓரளவு ஆறுதலான செய்தி.

● சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் இன்று ஊரெங்கும் பேசப்படும் வாராந்தர ஊசிகளின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு விஷப் பல்லி வந்து நிற்கும். பெயர் கீலா மான்ஸ்டர். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் உள்ள பாலைவனத்தில் வாழ்வது. வாலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, ஆண்டுக்குச் சில முறை மட்டுமே இரையெடுத்துக் காலம் தள்ளும்.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து, இன்சுலினை விடும்படி கணையத்துக்குச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அது ரத்தத்தில் இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துபோகிறது. மருந்தாக்கி என்ன பயன்? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், கீலா மான்ஸ்டரின் விஷத்தில் புது ஹார்மோன் ஏதும் இருக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தார். கிடைத்தது எக்ஸெண்டின்-4. ஜிஎல்பி-1 செய்யும் அதே வேலையைச் செய்யும்; மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 1992-ல் கட்டுரை வந்தது. காப்புரிமை வாங்க அவருடைய நிறுவனம் அக்கறை காட்டாததால் அவரே அதற்கு விண்ணப்பித்தார். 2005-ல் எக்ஸெனடைடு என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது.

பின்னால் வந்த வாராந்தர ஊசிகளான செமாகுளுடைடும் டிர்செபடைடும் பல்லியின் சரக்கு அல்ல. மனித உடலின் ஹார்மோன்களையே ஒரு வாரம் தாங்கும்படி திருத்தி எடுத்தவை. ஆனால் இந்த வழியில் போனால் மருந்து கிடைக்கும் என்று முதலில் காட்டியது பல்லிதான். ‘பல்லி விஷத்தை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டு அன்றே நிதியை நிறுத்தியிருந்தால்?

● ஆரஞ்சு நிறப் பூனைகளில் ஏன் கடுவன்களே அதிகம்? மூவர்ணப் பூனைகள் ஏன் கிட்டத்தட்ட எல்லாமே பெட்டை? நிறத்தைத் தீர்மானிப்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரியும். எந்த மரபணு என்பதுதான் பிடிபடவில்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி சசாகி குழுவும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிரெக் பார்ஷ் குழுவும் 2025-ல் ஒரே நேரத்தில் விடையை வெளியிட்டன. சசாகி பூனைப் பிரியர். ஆய்வுச் செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்.

விடை இதுதான்: ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணு கெட்டுப்போகவில்லை. அது இருக்கும் பகுதியில் சுமார் 5,000 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ காணாமல் போயிருக்கிறது. அதனால் அந்த மரபணு, வேலையே இல்லாத இடமான நிறமிச் செல்லில் புகுந்து வேலை பார்க்கிறது. கறுப்பு நிறமிக்குப் பதில் செம்மஞ்சள் நிறமி உருவாகிறது. கடுவனுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் இந்த மாற்றம் இருந்தால் முழு உடம்பும் ஆரஞ்சு. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லும் கருவிலேயே அதில் ஒன்றை அணைத்துவிடும். எந்தச் செல் எதை அணைக்கும் என்பதற்கு ஒழுங்கில்லை. ஆகவே அங்கொரு திட்டு ஆரஞ்சு, இங்கொரு திட்டு கறுப்பு. வெள்ளைக்குக் காரணம் வேறொரு மரபணு.

● பூனை நிறத்தைச் சொல்லிவிட்டுப் புலியை விட முடியுமா? ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் பட்டைகள் அகன்று ஒன்றோடொன்று இணைந்து, உடம்பே கறுத்துத் தெரியும் புலிகள் உண்டு. பெங்களூரு என்சிபிஎஸ் நிறுவனத்தின் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் குழுவினர் 2021-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அப்போது அந்தக் காட்டுப் புலிகளில் 37 சதவீதம் இந்தக் கறுப்பு வகையாக இருந்தன. வேறெந்தக் காட்டிலும் இவை இல்லை. உயிரியல் பூங்காவில் பிறந்தவை உண்டு. நம் வண்டலூரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கேட்க அழகாக இருந்தாலும் நல்ல சேதி அல்ல. மற்றக் காடுகளோடு தொடர்பற்றுப்போன ஒரு சிறு கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்குவதன் அடையாளம் இது.

● தயிரும் பாலாடைக்கட்டியும் செய்யப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவுக்கு வைரஸ் தொல்லை உண்டு. தொற்று வந்தால் தொழிற்சாலையில் பால் உறையாது, நஷ்டம். டானிஸ்கோ என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தாக்கிய வைரஸின் டிஎன்ஏ துணுக்கைப் பாக்டீரியா தன் மரபணுத் தொகுப்பிலேயே குறித்து வைத்துக்கொண்டு, அந்த வைரஸ் மறுபடி வந்தால் எதிர்த்து நிற்கிறது என்று 2007-ல் நிரூபித்தார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் கிரிஸ்பர். நாம் விரும்பிய இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கருவியாக அதை மாற்றிக் காட்டிய எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி, உலகின் முதல் கிரிஸ்பர் சிகிச்சை. அரிவாள் செல் சோகைக்கும் தலசீமியாவுக்கும் உரியது. இதில் அழகு என்னவென்றால், நோய்க்குக் காரணமான மரபணுவை இது தொடுவதே இல்லை. கருவில் இருந்தபோது நம் எல்லோர் ரத்தத்திலும் வேறொரு ஹீமோகுளோபின் ஓடியது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தியை ரத்த ஸ்டெம் செல்களில் வெட்டி முடக்கினால் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் ஊறத் தொடங்கும். அமெரிக்காவில் 2023-ல் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாக 1952-ல் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அவர்களிடம் இந்த விலையை எந்த வாயால் சொல்வது?

● சரி, உள்ளூரில் ஏதும் நடக்கிறதா? நடக்கிறது. வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோஃபிலியா-ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறைய வைக்கும் எட்டாம் காரணிக்கான மரபணுவை லென்டிவைரஸ் மூலம் அதில் ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: சிகிச்சை நிலைபெற்ற பிறகு, கண்காணித்த காலம் முழுக்க ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. காயமே படாமல் மூட்டில் ரத்தம் கசியும் நோய் இது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

● யானைக்கு நம்மைவிடப் பல மடங்கு செல்கள். செல் பெருகப் பெருகப் புற்றுநோயும் பெருகத்தானே வேண்டும்? பெருகவில்லை. 1970-களில் ரிச்சர்ட் பெட்டோ எழுப்பிய புதிர் இது. ஒரு பதில் 2015-ல் வந்தது: புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணு நமக்கு ஒன்று, யானைக்கு 20. டிஎன்ஏ பழுதான செல்லை யானையின் உடம்பு தயங்காமல் சாகடித்துவிடுகிறது. 200 ஆண்டுக்கு மேல் வாழும் போஹெட் திமிங்கிலத்தின் வழி வேறு. அது செல்லைக் கொல்வதைவிடப் பழுதுபார்ப்பதில் கெட்டி. அதற்கு உதவும் சிஐஆர்பிபி என்ற புரதம் அதனிடம் ஏராளம் என்கிறது 2025-ல் வந்த ஆய்வு. இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு திமிங்கிலத்தை 2007-ல் அலாஸ்காவில் வேட்டையாடியபோது, 19-ஆம் நூற்றாண்டில் செய்த ஈட்டிமுனைத் துண்டு ஒன்று அதன் உடம்பில் புதைந்திருந்தது!

● கர்நாடகத்தின் கோலாரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதய அறுவை சிகிச்சைக்காக ரத்தம் தேடினார்கள். ஓ பாசிட்டிவ்தான், ஆனால் எந்த ஓ பாசிட்டிவ் ரத்தமும் சேரவில்லை. அவருடைய ரத்தத்தில் இருந்தது உலகில் அதுவரை எவரிடமும் காணாத வகை. 2025-ல் அதற்கு ‘கிரிப்’ என்று பெயர் சூட்டினார்கள். வேறு ரத்தம் ஏற்றாமலேயே அறுவை சிகிச்சை முடிந்தது.

● பத்தாயிரம் ஆண்டுக்கு முன் அழிந்த டயர் ஓநாய் உயிரோடு திரும்பிவிட்டது என்று 2025 ஏப்ரலில் கொலோசல் நிறுவனம் அறிவித்ததை நம்பிவிட்டீர்களா? பிறந்த குட்டிகள் சாம்பல் ஓநாய்கள்தான். 14 மரபணுக்களில் 20 திருத்தம் செய்திருக்கிறார்கள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் ‘மீட்டெடுத்தோம்’ என்பது விளம்பரப் பேச்சு.

● சுமாத்ரா தீவில் ராகூஸ் என்ற ஆண் ஒராங்குட்டானுக்கு 2022 ஜூனில் வலது கண்ணுக்குக் கீழே காயம். மூன்று நாள் கழித்து அது ஒரு கொடியின் இலையை மென்று, சாற்றை மட்டும் விரலால் காயத்தில் தடவியது. பிறகு மென்ற இலையை மேலே அப்பி மூடியது. ஐந்தே நாளில் புண் ஆறிவிட்டது. அதே கொடியை அந்த வட்டாரத்து மக்கள் சீதபேதிக்கும் மலேரியாவுக்கும் பயன்படுத்துகிறார்கள். யாரிடமிருந்து யார் கற்றார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.